பின்னால் யாரும் இல்லை

ரேஷன் கடைப் பலகையில் வியாகுலம் மாமியின் பெயரை எழுதியது நகராட்சி ஆள். அவரை எழுத வைத்தது என் ஆள்காட்டி விரல்.

நோய் வந்த வழியைத் தேடும் வழித்தட மையத்தில் எங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் நான்கு பொத்தான்கள் உண்டு. கடைசிப் பொத்தானில் 'பின்னால் யாரும் இல்லை' என்று எழுதியிருக்கும். ஒருவருடைய நோய் வேறு யாரிடமிருந்தும் வரவில்லை, அவரிடமிருந்துதான் தொடங்கியது என்று தெரிந்தால் அதை அழுத்த வேண்டும். அழுத்திய மறுநாள் அவர் 'முதல் ஆள்' ஆகிவிடுவார். அவருடைய தெரு ரேஷன் கடையில் முப்பது நாள் பெயர் இருக்கும். எச்சரிக்கைக்காக என்று சட்டத்தில் போட்டிருக்கிறது.

நான் பத்தாம் வகுப்பை முடிக்காதவள். மையத்தில் படிப்புக் கேட்கவில்லை. கண் கூர்மையாக இருக்க வேண்டும், பார்த்ததை வெளியில் பேசக் கூடாது என்றார்கள். பேசுவது எனக்கு எப்போதுமே வராது. அதனால் வேலை கிடைத்தது.

முதல் நாள் தமயந்தி மேடம் எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். கிருமிகளை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். சேலத்துக்காரர்.

"டைபாய்டு கிருமி குடலுக்குள்ள போய் ஒரு செல் மேல ஒட்டிக்கும். அதுக்கிட்ட ஒரு ஊசி இருக்கு. அந்த ஊசியால தன்னோட புரதத்தை செல்லுக்குள்ள ஏத்தும். கள்ளச்சாவி மாதிரி. செல் தானே கதவைத் திறந்து 'உள்ள வா'ன்னு கூப்பிட்டுக்கும். அந்தப் புரதம் போகும்போது ஒளிரும்படி நாம மருந்து வச்சிருக்கோம். நீங்க திரையில பார்க்கப் போற பச்சைப் புள்ளி அதுதான்."

"அத வச்சி யாருகிட்ட இருந்து வந்துச்சின்னு எப்பிடி மேடம் தெரியும்?" என்று கேட்டது சுயம்புக்கனி அக்கா. எங்களில் மூத்தவள். மூன்று பிள்ளைக்காரி.

"மீன் குழம்புல போட்ட கரண்டியைக் கழுவாம ரசத்துல விட்டா என்ன ஆகும் கனி?"

"எங்க வீட்டுக்காரரு தட்ட எறிவாரு."

எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார். "ரசத்துல மீன் வாடை அடிக்கும் இல்லையா? கிருமி தன் ஊசியைக் கழுவுறதில்லை. முன்னால எந்த மனுஷனோட செல்லைக் குத்துச்சோ, அந்த வாடையையும் சேர்த்துத்தான் அடுத்தவங்க செல்லுக்குள்ள ஏத்தும். பச்சைப் புள்ளிக்குப் பின்னால மங்கலா இன்னொரு நிறம் தெரியும். ஆளுக்கு ஆள் அந்த நிறம் மாறும். அதைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போனா முதல் ஆள் கிடைச்சிடுவார்."

அதோடு இன்னொன்றும் சொன்னார். மனித செல் எதுவானாலும் கொஞ்சம் தானாகவே மினுங்கும். அந்த மினுக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் நிறம் தெளிவாகத் தெரியும். எதைக் கழிப்பது என்று கருவிக்குச் சொல்ல, நோயில்லாதவர்களின் செல் வேண்டும். அதற்காக மையத்தில் சேரும் ஒவ்வொருவரும் மாத்திரை போன்ற ஒரு சின்னக் கருவியை விழுங்கி, குடல் செல்லைக் கொடுக்க வேண்டும். மேடத்தோடு சேர்த்து மொத்தம் பன்னிரண்டு பேர். எங்கள் பன்னிரண்டு பேரின் மினுக்கமும் எல்லாப் படங்களிலிருந்தும் கழிக்கப்படும்.

மாத்திரையை விழுங்கும் முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்களுக்கு எப்போதாவது டைபாய்டு வந்திருக்கிறதா?'

எனக்கு வந்திருந்தது. பதினைந்து வயதில், பொதுத்தேர்வு சமயத்தில். பரீட்சை போய்விடுமே என்று ஒன்பது நாள் காய்ச்சலை மறைத்தேன். படிக்க உட்கார்ந்த நாளிலிருந்தே அம்மாதான் கஞ்சியும் சோறுமாகப் பிசைந்து உருட்டி வாயில் வைப்பாள். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். அறிவியல் பரீட்சை அன்று ஹாலில் வயிறு என் சொல்லைக் கேட்கவில்லை. எழுந்து வெளியே போகலாமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமலே எல்லாம் நடந்துவிட்டது. பெஞ்சிலிருந்து தரைக்கு ஒழுகியது. முன்னால் இருந்தவளும் பின்னால் இருந்தவளும் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். காவலாளி வாளியும் சாம்பலும் கொண்டுவந்தார். அதன் பிறகு நான் பள்ளிக்கூடத் தெரு வழியாகக்கூடப் போனதில்லை.

'ஆம்' என்று எழுதினால் எப்போது என்று கேட்பார்கள். எப்போது என்று சொன்னால் அந்த ஹாலைச் சொல்ல வேண்டி வரும். 'இல்லை' என்று எழுதினேன்.

*

இந்த வருடம் ஜூலையில் கடற்கரைத் தெரு மாணவியர் விடுதியில் காய்ச்சல் தொடங்கியது. இருபத்து மூன்று பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். ஏழாம் வகுப்பு அபிஷாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மாதிரிகள் மையத்துக்கு வந்தன. ஒன்பது பிள்ளைகளின் பச்சைப் புள்ளிகளுக்குப் பின்னால் ஒரே நிறம் தெரிந்தது. விடுதிச் சமையல்காரி வியாகுலம் மாமியின் நிறம். மற்றப் பதினான்கு பேருக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. தண்ணீரில் வந்திருக்கலாம் என்று அதை ஓரமாக வைத்தார்கள்.

மாமியின் படம் என் மேசைக்கு வந்தது. மாமி எங்கள் தெரு. எனக்கு வேண்டியவர். வேண்டியவர் படம் வந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று விதி உண்டு. தள்ளுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அதற்குக் கையைத் தூக்கி எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். நானே பார்த்தேன். மாமியின் செல்லில் கிருமி ஒட்டுவதும், ஊசி இறங்குவதும், பச்சைப் புள்ளி உள்ளே போவதும் தெரிந்தன. பின்னால் இருட்டுத்தான். மூன்று முறை பார்த்தேன். கடைசிப் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த நாளிலிருந்து தெருக்குழாயில் மாமி தண்ணீர் பிடித்துப் போனதும் பெண்கள் குழாய் வாயில் ப்ளீச்சிங் பவுடர் தூவிக் கழுவினார்கள். மாமி திரும்பிப் பார்க்காமல் குடத்தோடு நடப்பார். விடுதியை நடத்தும் கன்னியர்மடச் சிஸ்டர்கள் அடுத்த வாரச் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருடம் சமைத்த இடம்.

திங்கட்கிழமை காலை மாமி என்னைக் குழாயடியில் நிறுத்தினார்.

"ஏட்டி ஜெனோவா, நீ அங்கனதான வேல பாக்குத? எனக்குக் காய்ச்சலே வரலியே. ரெண்டு நாளு மேலுவலி இருந்துச்சி, அவ்வளவுதான். எனக்கு முன்னால யாராச்சும் இருப்பாவ. இன்னொருக்கப் பாக்கச் சொல்லேன்."

"பாத்தாச்சி மாமி. பின்னால யாரும் இல்ல."

"நல்லாப் பாத்தாவளா?"

"நல்லாத்தான் பாத்தாவ."

பார்த்தது நான் என்று சொல்லவில்லை. மாமி குடத்தை இடுப்பில் ஏற்றினார். பிறகு, "அந்தப் பிள்ள அபிஷா இருக்காள்ல, ஒன் பச்சடின்னா உயிரு. அந்தோணியார் அசனத்தன்னிக்கு மூணு தரம் வாங்கித் தின்னா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் கோயில் அசனத்தில் ஊரே சேர்ந்து சமைக்கும், ஊரே உட்கார்ந்து சாப்பிடும். நான் எப்போதும் மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். இந்த வருடம் மாமி என்னை எழுப்பி வெங்காயத் தயிர்ப் பச்சடியை என் பொறுப்பில் விட்டார். அண்டாவில் கரண்டி விட்டேன். "கரண்டி என்னத்துக்கு? கைய விட்டுப் பிசைட்டி, அப்பந்தான் உப்புப் புடிக்கும்" என்றார். பிசைந்தேன். ருசி பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி, "இவ கையில என்னமோ இருக்கு, கேட்டியளா!" என்றார். என்னைப் பற்றி நாலு பேர் நடுவில் யாரும் நல்லது சொன்னது அதுதான் முதல் தடவை. மீதிப் பச்சடியை ஒரு வாளியில் விடுதிப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போனார். நானும் வாளியின் மறுபிடியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனேன்.

*

செவ்வாய்க்கிழமை மதியம் கனி அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. முழங்கைய கீபோர்டுல எங்கயோ வச்சித் தொலைச்சிட்டேன். படமெல்லாம் கல்யாண வீடு மாதிரி எரியுது. மேடம் பாத்தா என்னையத் தோலை உரிச்சிருவாவ."

அவள் திரையில் இருந்தது மாமியின் படம். எல்லாம் ஒரே மினுக்கம். ஓரத்தில் பன்னிரண்டு பெயர்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். பன்னிரண்டு டிக்கும் எடுபட்டிருந்தன.

"நீ சரி பண்ணு, நான் வடை வாங்கிட்டு வாரேன். ஒனக்கு உளுந்தா, பருப்பா?"

"எதுன்னாலும் சரி அக்கா."

ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் படம் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டது. பதினொரு பெயர் முடிந்தபோது மாமியின் செல் தெளிவாகத் தெரிந்தது. பச்சைப் புள்ளி தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிறம், வெளிறிய செம்பு நிறம், பளிச்சென்று நின்றது.

மீதி இருந்த பெயர் என்னுடையது.

டிக் போட்டேன். நிறம் மறைந்தது. எடுத்தேன். வந்தது. போட்டேன். மறைந்தது. எத்தனை முறை அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பிறகு பதினான்கு பிள்ளைகளின் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து என் பெயரின் டிக்கை மட்டும் எடுத்தேன். பதினான்கிலும் செம்பு நிறம். நான்காவது படம் அபிஷாவுடையது.

அவர்களுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் இல்லை. நான் இருந்தேன். நோயில்லாதவள் என்று நானே எழுதிக் கொடுத்ததால், கருவி என்னை ஒவ்வொரு படத்திலிருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தது.

கனி அக்கா வந்து உளுந்து வடையை நீட்டினாள். நான் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்னட்டி, கையில மருதாணியா?"

"பசிக்கல அக்கா."

அன்றிலிருந்து வீட்டில் அரிசி களைவதைக்கூட நிறுத்தினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி கழுவி, விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. ஏன் அடுப்படிப் பக்கம் வரவில்லை என்று அம்மா கேட்டாள். தலைவலி என்றேன். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. சனிக்கிழமை மாமிக்கு வேலை போய்விடும் என்று தினமும் காலையில் நினைத்துக்கொண்டேன். தினமும் மாலையில் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழகிய வேலை. இந்தத் தடவை அது சுலபமாக இருந்ததே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

*

வெள்ளிக்கிழமை தமயந்தி மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை ஹாலையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

மேடம் திட்டவில்லை. மாமியின் படத்தைத் திறந்து என் டிக்கை எடுத்தார், போட்டார், எடுத்தார். நான் செய்ததையேதான் அவரும் செய்தார்.

"உனக்கு இப்ப ஒண்ணும் செய்யலையா? காய்ச்சல், வயித்துவலி?"

"இல்ல மேடம்."

"சில பேருக்கு அப்படித்தான். காய்ச்சல் போயிடும், கிருமி பித்தப்பையில ஒளிஞ்சுக்கும். வருஷக்கணக்கா இருக்கும். மாத்திரை தரேன், ஆறு வாரம் விடாம சாப்பிடணும். அதுவரைக்கும் யாருக்கும் சமைக்காதே."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். எங்கள் பன்னிரண்டு பேரின் படிவங்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பன்னிரண்டிலும் 'இல்லை'. கடைசிப் படிவம் அவருடையது. அதிலேயே அவர் விரல் நின்றது.

"இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த பன்னிரண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூட வரலைன்னு நானும் நம்பியிருக்கேன் பார்" என்றார். "நான் சேலத்துல வளர்ந்தவ. அங்க மட்டும் என்ன, பாலாறா ஓடிச்சு?"

"மேடம், இதுவரைக்கும் எத்தன பேரு முதல் ஆளு?"

"மூணு வருஷத்துல நாப்பத்தொரு பேர்."

இரண்டு பேரும் திரையில் இருந்த பன்னிரண்டு டிக்குகளைப் பார்த்தோம். மேடம் கோப்பை மூடினார்.

"இன்னைக்கே அந்த அம்மா பேரை எடுக்கச் சொல்றேன். சிஸ்டருக்கும் நானே பேசுறேன். முதல் ஆள் 'தெரியவில்லை'ன்னு போட்டுடலாம்."

"எம்பேரு?"

"ஊழியர் பேரைப் பலகையில போடுறதில்லை. அப்படிப் போட்டா நாளைக்கு இந்த மையத்தை யார் நம்புவாங்க? நீ மாத்திரையைச் சாப்பிடு. வெளியில யார்கிட்டயும் பேசாதே."

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைக்க மாட்டேன். மாடிப்படி இறங்கும்போது கால்கள் லேசாக இருந்தன. கடைசிப் படியில்தான் உறைத்தது. மாமி ஒன்பது நாள் பலகையில் இருந்தார். எனக்கு ஒரு நாள்கூட இல்லை.

*

சனிக்கிழமை காலை ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள். நீள வரிசை. பலகையில் மாமியின் பெயரை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். துடைத்த இடத்தில் எழுத்துகள் இன்னும் படிக்கும்படியாகவே இருந்தன. பலகைச் சட்டத்தில் சாக்பீஸ் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்தேன். 'முதல் ஆள்' என்று எழுதி, அதன் கீழே என் பெயரையும் கதவு எண்ணையும் எழுதினேன்.

"ஆபீஸ் பிள்ள எழுதுது" என்றது ஒரு குரல். "இப்பம் யாரு பேரு போட்டிருக்கு? எனக்குக் கண்ணு தெரியல, வாசியேன்."

"ஜெனோவான்னு போட்டிருக்கு."

"எவ அவ? பிள்ளைங்களப் படுக்கப் போட்ட மூதேவி!"

நான் திரும்பினேன். "நாந்தான்" என்றேன். குரல் வெளியே வரவில்லை. மறுபடியும் சொன்னேன். "நாந்தான். அசனத்துப் பச்சடி. மாமி மேல ஒண்ணும் இல்ல."

முன்னால் நின்ற பெண் தரையில் வைத்திருந்த அரிசிப் பையைச் சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் தன் பையைத் தூக்கினாள். அடுத்தவளும். பெஞ்சில் காலைத் தூக்கி வைத்த அதே வேகம். எனக்கு அது புதிதில்லை.

வரிசையின் நடுவிலிருந்து வியாகுலம் மாமி வந்தார். எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சா பிசைஞ்ச?"

"இல்ல மாமி."

"நான் மட்டும் தெரிஞ்சா ஆக்கிப் போட்டேன்? கைய விட்டுப் பிசைன்னு சொன்னவளும் நாந்தான்." மாமியின் குரல் உடைந்தது. அழவில்லை, கோபம்தான். "தெரியாமச் செஞ்சவளுக்கு என்னத்துக்குட்டி போர்டு? என்னைய ஒம்பது நாளு நாயா நிறுத்தினிய. எம்பேர அங்கன போட வச்சது யாரு?"

"நாந்தான் மாமி."

மாமி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பலகையைப் பார்த்தார், துடைத்தும் தெரிந்த தன் பெயரையும் அதற்குக் கீழே என் பெயரையும்.

"எனக்கு முன்னால நீ. சரி. ஒனக்கு முன்னால யாரு?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மேடம்கூடக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அப்போதுதான் அம்மா வரிசையிலிருந்து வெளியே வந்தாள். எங்கள் கார்டுக்கு எண்ணெய் வாங்க அவளும் நின்றிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. யாரையும் பார்க்காமல் நேரே வந்து, சாக்பீஸ் ஒட்டியிருந்த என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வெடித்த இடங்களைத் தடவினாள். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தால் உருண்டை உருண்டையாகச் சோறு வைத்த கைகள். காய்ச்சலுக்கு முந்தின நாட்களில் எனக்கு ஊட்டியது இந்தக் கைகள் மட்டும்தான். கரண்டி வேண்டாம், கையால் பிசைந்தால்தான் ருசி என்று அம்மாவும் சொல்லுவாள்.

திங்கட்கிழமை அம்மாவையும் மேடத்திடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தர வேண்டும். என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்று தெரியவில்லை.

"கேக்குதேன்லா?" என்றார் மாமி. "ஒனக்கு முன்னால யாருட்டி?"

அம்மாவும் என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல மாமி" என்றேன். "எனக்குப் பின்னால யாரும் இல்ல."